கருணைக் கதைகளில் யார் கொடுக்கிறார்கள், யார் வாங்கிக்கொள்கிறார்கள்?

9 ஜூன் 2024 – பெருந்துறை ஆசிரியை ஒருவரின் கேள்வி

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நாளை பள்ளி திறக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். காது சரியாகக் கேளாத பையன் ஒருவனும் இருக்கிறான். அன்பு, ஒற்றுமை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது ஆகியவற்றைச் சொல்லும் படப்புத்தகங்களை வாசித்துக் காட்டினால் பிள்ளைகளின் பழக்கம் மாறும் என்று நம்புகிறேன். எவற்றை வாங்கலாம்?

10 ஜூன் 2024

வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தபடி பக்கங்களைப் புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோ, வேற்றூரிலிருந்து வந்த பிள்ளையோ, கிழிந்த சட்டை போட்ட பிள்ளையோ, யாரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புத்தகம் எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளை ஒரு பக்கத்திலாவது தானாக ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள்.

நான் அரசின் மாலைநேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021-இல் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள். இப்போதும் திருப்பூரில் எங்கள் காம்பவுண்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இந்த வகைப் புத்தகங்கள் நிறைய என் கையில் வந்து போயிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கதை ஒரே தடத்தில்தான் போகிறது. அந்தப் பிள்ளை முதல் பாதி முழுதும் ஓரமாக நிற்கும். நடுவில் நல்ல மனம் கொண்ட இன்னொரு பிள்ளை கை நீட்டும். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் வட்டமாக நின்று சிரிப்பார்கள். கதை கை நீட்டிய பிள்ளைக்கே சொந்தமாகிவிடுகிறது. ஓரமாக நின்ற பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யார்மேல் கோபம், எதில் கெட்டிக்காரத்தனம் என்று புத்தகத்தை மூடிய பிறகும் நமக்குத் தெரிவதில்லை.

11 ஜூன் 2024

புத்தகத்தின் பெயர் கேட்டால் பாடம் நடத்துகிறீர்களே என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். தேடும் இடங்களைச் சொல்கிறேன். சென்னையில் 1996-இல் தொடங்கிய துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் படப்புத்தகங்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் எங்கள் பக்கப் புத்தகக் கண்காட்சிகளில் தவறாமல் கிடைக்கும். பள்ளிக்கு வந்திருக்கும் அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களையும் அலமாரியில் பூட்டி வைக்காமல் வெளியே எடுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று அவற்றைப் படிநிலையாகப் பிரித்திருப்பதால், மேல் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் கூச்சமில்லாமல் தனக்கானதை எடுத்துக்கொள்ள முடிகிறது.

எங்கே வாங்கினாலும் நேற்றுச் சொன்ன சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

16 ஜூன் 2024

கரூர் நண்பர் கேட்கிறார்: "ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் இரக்கத்தைச் சொல்லிக் கொடுக்காமல் வேறு எதைச் சொல்லிக் கொடுப்பது?"

இரக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வகுப்பறையில் அந்தப் புத்தகத்தை இரண்டு பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. ஒருத்தி உதவி செய்யும் பிள்ளையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து நிமிர்ந்து உட்காருகிறாள். பக்கத்தில் இருப்பவள் உதவி வாங்கும் பிள்ளையின் இடத்தில் தன்னைக் காண்கிறாள். வகுப்பில் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதையும் அவள் கவனிக்கிறாள். முதல் பிள்ளைக்குப் பெருமை தரும் அதே பக்கம் இரண்டாவது பிள்ளையைக் கூசிப்போக வைக்கிறது. கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கிறது, வாங்குகிற கை கீழே இருக்கிறது. ஒரு கதையில் இது வந்தால் பரவாயில்லை. வாசிக்கிற கதையெல்லாம் இப்படியே இருந்தால் யார் மேலே, யார் கீழே என்பதையும் பிள்ளைகள் சேர்த்தே படித்துக்கொள்கிறார்கள்.

23 ஜூன் 2024

எழுத்தே இல்லாத படக்கதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வாரம் திண்ணையில் நடந்தது அது.

சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்து போகிறது. படம் மட்டும்தான், சொல் கிடையாது. எங்கள் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். பள்ளியிலும் சரி, திண்ணையிலும் சரி, அந்தப் பெண் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, காய்கறி வண்டிக்கு அடியில் குட்டி அகப்படும் இடத்துக்கு வந்தோம். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மூன்று பக்கம் பின்னால் திருப்பி, ஒரு மூலையில் விரலை வைத்தாள். வளையல் கடையின் துணித் தொங்கலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கால் தெரிந்தது. இன்னொரு பக்கம் திருப்பினாள். பூக்காரியின் கூடைக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. குட்டி முதலிலிருந்தே எல்லாப் படத்திலும் இருந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை, அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். பிறகு ஒடியாவில் முழுக் கதையையும் சொன்னாள். சொல் புரியாவிட்டாலும் விரல் போகும் இடத்தை வைத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடவே போனார்கள்.

அன்று அவளுக்கு யாரும் கருணை காட்டவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. அடுத்த நாளிலிருந்து எந்தப் படப்புத்தகத்தைத் திறந்தாலும் பிள்ளைகள் முதலில் அவளிடம்தான் நீட்டுகிறார்கள்.

24 ஜூன் 2024

"இருமொழிப் புத்தகம் இருக்கும்போது எழுத்தில்லாத புத்தகம் எதற்கு?" என்ற கேள்விக்கு: இங்கே பள்ளியில் சேர்ந்த ஒடிசாப் பிள்ளைகள் பலருக்கு ஒடியா பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அப்பா அம்மா படித்துக் காட்டலாம் என்றால் ஒன்றரை ஷிப்ட் முடித்து அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். எழுத்தில்லாத புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. பிள்ளையே அம்மாவுக்குக் கதை சொல்லலாம்.

வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு மட்டுமான ஏற்பாடு என்றும் இதை நினைக்க வேண்டாம். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளைகளும், கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் கொங்கு நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள். தாளவாடி மலையில் பிள்ளையின் வாயில் முதலில் வருவது கன்னடம்தான். வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக இரண்டு பேச்சோடு வளர்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நம் படப்புத்தகங்களில்தான் அதைக் காணோம்.

30 ஜூன் 2024

சமூகம், கூடி வாழ்தல் என்று வரும் புத்தகங்களில் ஊரை எப்படி வரைகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நடுவில் ஆலமரம், பக்கத்தில் கோயில், சுற்றிலும் ஓட்டு வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே தெரு, ஒரே கிணறு. கொங்கு நாட்டில் தோட்டத்து வீடு தனியாக இருக்கும், ஊர் தனியாக இருக்கும், ஒடுக்கப்பட்ட சாதியார் குடியிருக்கும் வளவு அதைவிடத் தள்ளி இருக்கும். வளவிலிருந்து வரும் பிள்ளை அந்தப் படத்தில் தன் வீட்டைத் தேடினால் கிடைக்காது. வரைந்தவர் கெட்ட எண்ணத்தில் விட்டிருக்க மாட்டார். எல்லோரும் சேர்ந்து வாழ்வதாகக் காட்ட விரும்பி, பிரிந்திருப்பதை அழித்துவிட்டார்.

நம் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை வைத்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. 2018-இல் அவிநாசி வட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்ததும், அதற்காக வழக்குப் பதிவானதும் ஊரறிந்த செய்தி. இந்த ஊர்களில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர், முயலும் ஆமையும் ஒரே இலையில் சாப்பிட்டதாக எழுதிவிட்டுப் போனால் போதுமா? காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறார்கள். அதைச் சமைக்கும் அக்காவைக் கதைத்தலைவியாக வைத்து ஒரு படப்புத்தகம் வேண்டும். விடியற்காலையில் அவர் கிளம்பி வருவது, அளந்து போடுவது, எந்தப் பிள்ளை எத்தனை கரண்டி கேட்கும் என்று நினைவில் வைத்திருப்பது என்று அவர் வேலையின் நுணுக்கம் அதில் இருக்க வேண்டும்.

3 ஜூலை 2024

மேலே எழுதிய பிறகு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வளவைத் தனியாக வரைந்து, இது தவறு என்று சொல்லும் புத்தகத்தை முப்பது பிள்ளைகள் நடுவில் வாசித்தால் என்ன ஆகும்? வளவிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளை மற்ற இருபத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஜூன் 16-இல் நான் சொன்ன அதே கூச்சம் இன்னொரு வழியாக வந்து சேரும். ஆகவே ஊர்ப் படத்தில் அந்த இடைவெளி இருக்கட்டும், ஆனால் கதை வளவிலிருந்து தொடங்கட்டும் என்பது இப்போது என் எண்ணம். அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் கதை தொடங்கினால் அது நடுவிடமாகிவிடும், மற்றவை அங்கிருந்து தள்ளியிருப்பவை ஆகிவிடும். அவள் பட்டம் விடட்டும், தம்பியோடு சண்டை போடட்டும், கொடுக்காப்புளி பறிக்கட்டும். அடக்குமுறையைப் பற்றி நேராகப் பேசும் புத்தகம் நான்காம், ஐந்தாம் வகுப்பில் அவசியம் வர வேண்டும். அதற்குள் அந்தப் பிள்ளையைக் கதைத்தலைவியாக மற்றவர்கள் பலமுறை சந்தித்திருக்க வேண்டும்.

14 ஜூலை 2024

காது கேளாத பையனைப் பற்றி ஆசிரியை மறுபடி கேட்டிருக்கிறார். புத்தகத்தின் பொருளைவிட வாசிக்கும் முறை இங்கே முக்கியம். நாம் படத்தைக் காட்டிக்கொண்டே பேசுகிறோம். அவனுக்கு ஒரே நேரத்தில் படத்தையும் நம் உதட்டையும் பார்க்க முடியாது. முதலில் பேசாமல் படத்தைக் காட்டுங்கள், எல்லோரும் பார்த்து முடிக்கட்டும். பிறகு புத்தகத்தை இறக்கி, அவனுக்கு முகம் தெரியும்படி நின்று சொல்லுங்கள். சன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், ஆகையால் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். இப்படிச் செய்தால் மற்ற பிள்ளைகளும் படத்தை நிதானமாகப் பார்க்கிறார்கள். கதையில் வரும் நாலைந்து பாத்திரங்களுக்குச் சைகைகளை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, வகுப்பு முழுதும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

மாற்றுத்திறனைக் காட்ட வேண்டும் என்றால் ஓவியர்கள் சக்கர நாற்காலியையே வரைகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும், ஒரே கோட்டில் விஷயம் புரிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, அரிவாள் செல் சோகை எல்லாம் அதில் உண்டு. எழுத்துகள் கண்முன்னே இடம் மாறி மாறித் தெரியும் பிள்ளையை எப்படி வரைவது? படப்புத்தகத்தால் இதைப் பிரமாதமாகச் செய்ய முடியும், எழுத்தையே படமாக்கிக் காட்ட முடியும். செய்தவர்கள் குறைவு.

21 ஜூலை 2024

பாடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும் புத்தகம் எப்படி இருக்கும் என்று கோபியிலிருந்து ஒருவர் கேட்டதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. 1962-இல் அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். கறுப்பினச் சிறுவன் ஒருவன் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு பனியில் விளையாடப் போகிறான். கால்தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது உருகிப்போகிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அடுத்த ஆண்டு அந்நாட்டின் உயரிய படப்புத்தக விருதான கால்டெகாட் அதற்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு அரிது என்பது 1965-இல் தெரிந்தது. நான்சி லாரிக் என்பவர் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் வந்த 5,000-க்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவர் ஒருவராவது தென்பட்ட நூல்கள் 6.7 விழுக்காடு மட்டுமே.

இந்தக் கணக்கை நாம் எடுக்க ஆய்வு நிறுவனம் தேவையில்லை. உங்கள் பள்ளி நூலக அலமாரியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எடுப்பார்கள். எத்தனை புத்தகத்தில் அம்மா வேலைக்குப் போகிறார்? எத்தனை புத்தகத்தில் வீடு ஒற்றை அறை? தறி எங்கேயாவது ஓடுகிறதா? எத்தனை புத்தகத்தில் தாத்தாவோ பாட்டியோ பிள்ளையை வளர்க்கிறார்கள்? கேள்விகளையும் அவர்களே போடட்டும்.

28 ஜூலை 2024

அம்மாக்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. "கதையில என்ன சொல்லியிருக்குன்னு பசங்களக் கேட்டீங்களாங்க?"

நான் கேட்பதில்லை. கதை முடிந்ததும் நீதியைக் கேட்டால், ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, "எல்லாருக்கும் உதவி செய்யோணும்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அந்தக் குரல் அடங்குவதற்குள் முன்வரிசைக்காகத் தள்ளுமுள்ளும் தொடங்கிவிடும். அதைவிட "இந்தப் பக்கத்தில் இவள் ஏன் பேசாமல் இருக்கிறாள்?", "நீயாக இருந்தால் இந்த இடத்தில் கோபம் வருமா?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டால் உண்மையான பதில் வரும். சில நேரம் அது நமக்குப் பிடிக்காத பதிலாகவும் இருக்கும். "அவங்கூட உக்காரக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லுச்சு" என்று ஒரு பையன் சொன்னபோது நான் திட்டவில்லை. மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சு அரைமணி நேரம் போயிற்று. அந்த ஆயாவும் மறுநாள் வந்து திண்ணையோரம் நின்று கேட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் பேரனை அழைத்துக்கொண்டு போகவில்லை.

4 ஆகஸ்ட் 2024

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போய்வந்தேன். குழந்தை நூல் கடைகளில் நல்ல கூட்டம். பெற்றோர் இன்னும் முதலில் தேடுவது நீதிக்கதைத் தொகுப்பைத்தான். ஒரு புத்தகத்தில் நூறு கதை, விலையும் மலிவு. பதினாறு பக்கப் படப்புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எழுத்தே இல்லீங்களே" என்று திரும்ப வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூலியில் பாதியைக் கொடுத்து வாங்கும் பொருளில் நிறைய இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம். நூலகமும் பள்ளியும்தான் படப்புத்தகத்தை வாங்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகவும் விட வேண்டும்.

தமிழில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுக்குப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். பிள்ளைகளுக்கு மலிவும் மட்டமுமாக ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் பிறந்த மாவட்டத்தில், தறி ஓடும் வீட்டிலும் மஞ்சள் மண்டியிலும் நடக்கும் ஒரு நல்ல படப்புத்தகத்தைத் தேடி வெறுங்கையோடு திரும்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024

நாமே செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: ஸ்டோரிவீவர் தளத்துக் கதைகளை மொழிபெயர்க்கவும், மாற்றி எழுதவும், அச்சிடவும் உரிமம் அனுமதிக்கிறது. எழுதியவர், வரைந்தவர், பதிப்பித்தவர் பெயர்களையும் உரிமக் குறிப்பையும், நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் தவறாமல் போட வேண்டும். தாளை மடித்துத் தைக்கும்போது பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். எழுத்துத் தமிழைப் பிள்ளைகளின் பேச்சுக்கு மாற்றும்போது கதை சொல்பவரின் குரலைப் பொதுத் தமிழில் விட்டுவிட்டு, உரையாடலை மட்டும் நம் பேச்சில் போடுங்கள். "ஏன் கண்ணு அழுவற?" என்று ஆத்தா கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பதை நீங்களே காண்பீர்கள்.

25 ஆகஸ்ட் 2024

பெருந்துறை ஆசிரியை அலமாரிக் கணக்கை எடுத்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியோ தறியோ சாயப்பட்டறையோ ஒரு புத்தகத்திலும் இல்லையாம். அம்மா வேலைக்குப் போகும் கதைகளில் அவர் டாக்டராகவோ ஆசிரியையாகவோ இருக்கிறாராம்.

அதனால் அடுத்த மாதம் அவர் வகுப்பும் எங்கள் திண்ணையும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்கிறோம். அம்மாவின் வேலை என்பது பொருள். பிசிறு வெட்டும் கத்தரி, ஓவர்லாக் மிஷின், தைப்பவருக்குத் துணை செய்யும் கைமடி நிற்கும் இடம், சோற்றுப் போசி என்று பிள்ளைகளே வரைகிறார்கள். காது கேளாத பையன் சைகைகளை வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். படத்துக்குக் கீழே எழுத்து வேண்டுமா என்று பிள்ளைகளுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆட்டுக்குட்டியைக் கண்டுபிடித்தவள் வேண்டாம் என்ற பக்கம் இருக்கிறாள். அட்டை தவிர உள்தாள் பதினாறு பக்கம். திருப்பூரில் வண்ண அச்சுக்கு மலிவான இடம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.